ஆறு மினாராவும் இருபது பாராவும்

சங்கரன்கோவிலில் சின்னதாக ஓர் அச்சகம் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகைதான் பிரதானத் தொழில். நிக்காஹ் பத்திரிகை முகப்பில் பள்ளிவாசல் படம் வைப்போம். அதைப் பார்த்த கடையநல்லூர்க்காரர் ஒருவர், “இது எந்த ஊர்ப் பள்ளி அண்ணாச்சி?” என்று கேட்டார். படத்தில் ஆறு மினாரா. விசாரித்தால், இஸ்தான்புல்லில் 1609இல் தொடங்கிக் கட்டிய சுல்தான் அகமது பள்ளிவாசலாம். அன்று பிடித்தது இந்தப் பழைய படக்கார்டு ஆசை. துருக்கிக்கு ஓர் ஆல்பம், பழைய மெட்ராசுக்கு ஓர் ஆல்பம் வைத்திருக்கிறேன்.

துருக்கிக் கார்டு வந்தால் முதலில் மினாராவைத்தான் எண்ணுவேன். சுலைமானியா பள்ளிவாசலுக்கு நான்கு, அவற்றில் பாங்கு சொல்லும் மாடங்கள் மொத்தம் பத்து. சுலைமான் உஸ்மானிய வம்சத்தின் பத்தாவது சுல்தான் என்பதால் அப்படி வைத்தார்கள் என்பார்கள். 1557இல் அதை முடித்த சினான்தான் பிறகு எடிர்னே நகரில் சலீமியாவையும் எழுப்பினார்.

அடுத்து லென்ஸ். அச்சுத் தொழிலில் இருப்பதால் கண் தானாக மையைத் தேடும். ஒழுங்கான புள்ளி வரிசை தெரிந்தால் ஹாஃப்டோன் அச்சு. புள்ளியே இல்லாமல், ஈரமணலைப் போல நுணுக்கமான பொரிவு தெரிந்தால் கொலோடைப். நிறம் கோட்டைத் தாண்டி வழிந்திருந்தால் சந்தோஷப்படுவேன். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு யாரோ உட்கார்ந்து வண்ணம் கொடுத்திருக்கிறார்கள்.

என்னிடமுள்ள ஹாகியா சோபியா கார்டு ஒன்றில் சுவர் முழுக்கச் செம்பட்டையும் மஞ்சள்பட்டையும் மாறிமாறி ஓடும். வண்ணக்காரரின் கற்பனை அல்ல அது. 537இல் தேவாலயமாக எழுந்து 1453இல் பள்ளிவாசலான அந்தக் கட்டடத்தை, 1847 முதல் 1849 வரை ஃபொசாட்டி சகோதரர்கள் பழுதுபார்த்தபோது வெளிச்சுவரில் அப்படித்தான் பட்டையடித்தார்கள். இன்று போனால் அதைப் பார்க்க முடியாது.

காலத்தைக் கணிப்பதில்தான் எனக்கு உயிரே. தெருவில் ஆண்கள் தலையில் சிவப்புக் குல்லா இருந்தால் படம் 1925க்கு முந்தியது. அந்த ஆண்டுதான் துருக்கி அரசு அதைத் தடைசெய்தது. இஸ்தான்புல்லின் கலாட்டா பாலத்தில் மின்சார டிராம் ஓடினால் 1914க்கு முன்னால் போக முடியாது. ஆனால் ஒன்று: மாக்ஸ் ஃபுருக்டர்மன் போல 1895இலேயே அங்கே கார்டு போட ஆரம்பித்தவர்களின் படங்கள் வருஷக்கணக்கில் விற்றன. எடுத்த வருஷம் வேறு, தபாலில் போட்ட வருஷம் வேறு.

அதற்குத்தான் பின்பக்கம் வேண்டும். பின்பக்கம் முழுக்க விலாசத்துக்கே ஒதுக்கியிருந்தால் மிகப் பழைய கார்டு. கடிதத்தைப் படத்தின் ஓரத்திலேயே நெருக்கி எழுதியிருப்பார்கள். ஒரு கார்டில் ஜெர்மன் தபால்தலை மேல் ‘20 பாரா’ என்று துருக்கிக் காசு மதிப்பை அச்சிட்டிருக்கிறது. 1914 வரை இஸ்தான்புல்லில் ஜெர்மனி, பிரான்ஸ், ஆஸ்திரியா எல்லாம் சொந்தத் தபாலாபீஸ் நடத்தின. ஒரு சாம்ராஜ்யம் எவ்வளவு தளர்ந்திருந்தது என்பதை அந்தத் தலை ஒன்றே சொல்லிவிடுகிறது. ஸ்டாம்பு ஆசையில் அதைப் பிய்த்தெடுத்த கார்டுகளைப் பார்த்தால் வயிறு எரியும்.

மெட்ராஸ் ஆல்பமும் அப்படியே. இந்தியாவில் 1879இல் காலணா கார்டு வந்தது. பின்னாளில் ஹிக்கின்பாதம்ஸ், ஸ்பென்சர், வீல் அண்ட் கிளைன் எல்லாம் நகரக் காட்சிகளைப் படக்கார்டாகப் போட்டார்கள். 1985இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டின் செங்கல் வளைவுகளை என் பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட ஒரு கார்டில்தான் காட்டினேன்.

எங்கள் ஊர் சங்கரநாராயணர் கோயில் கோபுரம் உள்ள பழைய கார்டு எனக்கு இன்னும் அகப்படவில்லை. உங்கள் தாத்தா பெட்டியில் அப்படி ஒன்று கிடந்தால், பசை தடவி ஒட்டாதீர்கள், தபால்தலையைப் பிய்க்காதீர்கள். கண்ணாடி உறையில் போட்டு, முன்னும் பின்னும் படமெடுத்து வையுங்கள்.