பழுதுற்ற பொருளும் கலைப்பொருளாகும்

பயன் முடிந்ததென்று நாம் வீசியெறியும் பொருளில், முடிந்துபோவது அதன் பழைய வேலை மட்டுமே. உருவமும் உறுதியும் அதில் எஞ்சி நிற்கின்றன. பழைய மங்கில் பூச்செடி வளர்த்தும், தேய்ந்த டயரை ஊஞ்சலாக்கியும் பழகிய தோட்டப்புற மக்களுக்கு இவ்வுண்மை புதிதன்று.

இதனைக் கலையாக்கிக் காட்டிய நகரம் பினாங்கின் ஜார்ஜ்டவுன். 2012-ஆம் ஆண்டு ஜார்ஜ்டவுன் விழாவையொட்டி, லித்துவேனிய நாட்டு ஓவியர் எர்னஸ்ட் சகாரெவிக் அங்குள்ள பழைய சுவர்களில் ஓவியங்கள் தீட்டினார். ஆர்மீனியன் வீதியில் இரு சிறார்களை வரைந்த அவர், அவர்கள் அமர்ந்து செல்லும் மிதிவண்டியை வரையவில்லை. மெய்யான பழைய மிதிவண்டி ஒன்றையே சுவரில் பொருத்தினார். ஆ குவி வீதியில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றும் அவ்வாறே ஓவியத்தின் அங்கமாயிற்று. அவற்றைக் காண ஊர் ஊராக மக்கள் வந்தனர். 2014-இல் அவரது கண்காட்சி, கைவிடப்பட்டுக் கிடந்த ஹின் பேருந்துப் பணிமனையில் நடைபெற்றது. அதன்பின் அப்பணிமனையே ஒரு கலைக்கூடமாயிற்று.

இதற்குப் பெரும் படிப்போ பணமோ தேவையில்லை. இந்தியாவின் சண்டிகர் நகரில் சாலைத்துறை ஊழியராயிருந்த நேக் சந்த், உடைந்த வளையல், பீங்கான், பழைய மின்பொருத்திகள் ஆகியவற்றைக் கொண்டு வேலை நேரம் போக எஞ்சிய பொழுதில் ஒரு சிற்பத் தோட்டத்தையே அமைத்தார். 1976-இல் அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

நம் இல்லங்களிலும் பழுதுற்ற வானொலி, மின்விசிறி, தொலைக்காட்சி முதலியன முடங்கிக் கிடக்கின்றன. வானொலியின் மரப்பெட்டி, விசிறியின் இறக்கை, மிதிவண்டிச் சக்கரம் ஆகியவை கைவேலைக்கு ஏற்றவை. ஆனால் எல்லாவற்றையும் பிரித்துவிடலாகாது. பழைய தொலைக்காட்சியின் திரைக்குழாயில் ஈயம் உண்டு. மின்தொடர்பை நீக்கிய பின்னரும் அதனுள் மின்சாரம் தேங்கியிருக்கக்கூடும். மின்கலத்தைக் குத்தினால் தீப்பற்றக்கூடும். செம்புக்காகக் கம்பிகளை எரிப்பதோ பெருந்தீங்கு. அந்த நச்சுப்புகையைச் சுவாசிப்பவர்கள் அருகில் விளையாடும் நம் குழந்தைகளே. மலேசியாவில் 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி மின்னணுக் கழிவு, தனிக் கட்டுப்பாட்டுக்குரிய கழிவாகும். எனவே இத்தகையவற்றை மின்கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைப்பதே முறை.

தீங்கற்றதைக் கலையாக்குவோம், தீங்குள்ளதை உரிய இடத்தில் சேர்ப்போம். ஓய்வு நாளில் பிள்ளைகளை அருகிலமர்த்தி இவ்வேறுபாட்டைக் கற்பிப்போமாயின், அவர்களின் கைத்திறன் வளரும், உடல்நலமும் காக்கப்படும்.