பழைய பஜேரோவின் மினுக்கும் விளக்கு

சென்னையில் ஓடும் பழைய பஜேரோக்களுக்குத் திருவள்ளூர்தான் பிறந்த ஊர். ஜப்பானில் 1991-இல் அறிமுகமான இரண்டாம் தலைமுறை பஜேரோவை, 2000-களின் தொடக்கத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அங்கே பூட்டி ‘எஸ்.எஃப்.எக்ஸ்’ என்ற பெயரில் விற்றது. 2.8 லிட்டர் டர்போ டீசல் என்ஜின். டக்கார் பந்தயத்தின் மணல்மேடுகளில் பேர் வாங்கிய பரம்பரை. இங்கே அது பார்த்த மேடுபள்ளமெல்லாம் பாண்டி பஜார் வேகத்தடைகள்தான். நான்கு சக்கர இயக்கத்துக்கான குட்டை லிவரை வருஷக்கணக்கில் தொடாமலே ஓட்டிய வீடுகள் அடையாறிலும் மயிலாப்பூரிலும் நிறைய. அந்த வண்டி இரண்டாவது, மூன்றாவது கைக்கு வருகிறது. புதிதாக வாங்கியவர் ஆசையாக லிவரை 2H-இலிருந்து 4H-க்குத் தள்ளுகிறார். டேஷ்போர்டில் இருக்கும் கார் படத்தில் முன்சக்கர விளக்குகள் இரண்டும் மினுக்குகின்றன, மினுக்கிக்கொண்டே இருக்கின்றன.

“டிரான்ஸ்ஃபர் கேஸ் போச்சு சார், இறக்கித்தான் பார்க்கணும்” என்று சொல்ல யாராவது ஒரு மெக்கானிக் கிடைத்துவிடுவார். உடனே தலையாட்ட வேண்டாம். இந்த விளக்கு பெரும்பாலும் அந்தப் பெட்டிக்கு வெளியே இருக்கும் ஒரு சின்னச் சமாச்சாரத்தைப் பற்றித்தான் பேசுகிறது.

கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் என்ஜின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துத் தருகிறது. 2H-இல் பின்சக்கரங்கள் மட்டுமே தள்ளும். அப்போது முன் அச்சின் இரும்புச் சாமான்களெல்லாம் வீணாகச் சுழன்று டீசலைத் தின்னக் கூடாது என்பதற்காக, முன் டிஃபரன்ஷியலிலிருந்து ஒரு சக்கரத்துக்குப் போகும் தண்டை நடுவில் துண்டித்து வைத்திருக்கிறார்கள். 4H-க்குத் தள்ளியதும் ஒரு பல்வளையம் நகர்ந்து அந்த இரண்டு துண்டுகளையும் கோக்க வேண்டும். அதை நகர்த்துவது மின்சாரமும் இல்லை, லிவரும் இல்லை. காற்றை உறிஞ்சி உண்டாக்கும் வெற்றிடம், மெக்கானிக் பாஷையில் வாக்குவம். என்ஜின் அறையில் இருக்கும் இரண்டு சோலனாய்டு வால்வுகள் வாக்குவத்தைத் திருப்பிவிட, மெல்லிய ரப்பர் ஹோஸ்கள் அதை முன் அச்சில் இருக்கும் டயாஃப்ரம் வரை கொண்டுபோகின்றன. வளையம் கோத்தால் அங்கிருக்கும் ஒரு சுவிட்ச் செய்தி அனுப்பும். மினுக்கல் நின்று விளக்கு நிலையாக எரியும்.

கோளாறு அந்த ஹோஸில்தான் முதலில் வரும். என்ஜின் சூட்டிலும் சென்னை வெயிலிலும் இருபது வருஷம் இருந்த ரப்பர் விறைத்து வெடிக்கும், அல்லது முனை தளர்ந்து கழன்றுவிடும். மீட்டர் கணக்கில் விற்கும் குழாய் அது, ஜி.பி. ரோடு உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். சோலனாய்டு போயிருந்தால் புதுப்பேட்டையில் பழையது தேடலாம், வாங்குமுன் பேட்டரி கொடுத்து ‘டிக்’ சத்தம் வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிழையைத் தேடுவதற்கு ஒரு நல்ல குறுக்குவழி உண்டு. டீசல் வண்டியில் வாக்குவத்துக்கென்று தனிப் பம்ப் இருக்கிறது. பிரேக் பூஸ்டரும் அதை நம்பித்தான் வேலை செய்கிறது. பிரேக் பெடலும் கட்டை மாதிரி இறுகியிருந்தால் குற்றம் பம்பில்; அந்த வண்டியை மேற்கொண்டு ஓட்டவே கூடாது. பிரேக் இதமாக இருந்து விளக்கு மட்டும் மினுக்கினால், பம்புக்கு அப்பால் எங்கோ ஒழுகுகிறது. என்ஜினை ஓடவிட்டு, லிவரை 4H-இல் போட்டு, டயாஃப்ரத்துக்குப் போகும் ஹோஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி விரலை வைத்தால் இரண்டில் ஒன்றாவது உறிஞ்ச வேண்டும். லிவரை 2H-க்கு மாற்றினால் மற்றது உறிஞ்ச வேண்டும். இந்த இரண்டையும் மாற்றிச் செருகிவிட்ட வண்டிகளும் உண்டு. அதில் 2H-இல் முன் அச்சு பூட்டிக்கொள்ளும், 4H-இல் கழன்றுகொள்ளும்!

உறிஞ்சல் சரி, மினுக்கல் நிற்கவில்லை என்றால் ஜாக்கி வேலை. பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்சக்கரங்கள் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். என்ஜினை அணைத்துவிட்டு, கையால் இயக்கும் வாக்குவம் பம்பை டயாஃப்ரத்தில் மாட்டி இழுத்துக்கொண்டே ஒரு முன்சக்கரத்தை மெல்லச் சுற்றினால், பற்கள் நேராகும் இடத்தில் ‘கடக்’கென்று கோக்கும். அதற்குப் பிறகு இந்தச் சக்கரத்தைச் சுற்றினால் எதிர்ச்சக்கரம் எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். சுற்றியும் விளக்கு மினுக்கினால் வண்டியில் குறையில்லை. செய்தி சொல்லும் சுவிட்சோ அதன் ஒயரோதான் பொய் சொல்கிறது. எதிர்ச்சக்கரம் அசையவே இல்லையென்றால் டயாஃப்ரம் கிழிந்திருக்கும், அல்லது பல்வளையத்தை நகர்த்தும் கவை துருவேறி இறுகியிருக்கும். கடற்கரையோரத் தெருக்களில் நின்ற வண்டிகளில் பின்னதையே முதலில் சந்தேகிப்பேன்.

டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள்ளேயே கோளாறு இருந்தால் அது விளக்கில் தெரிவதைவிடக் காதில் தெரியும். 4H-இல் ஏற்றத்தில் அழுத்தும்போது அடியிலிருந்து ‘டக் டக்’ என்று பல் தாண்டும் சத்தம் வந்தால் உள்ளே இருக்கும் செயின் நீண்டுவிட்டது. அப்போது மெக்கானிக் சொன்னது சரி, இறக்கித்தான் ஆக வேண்டும்.

பழைய சஃபாரி, ஸ்கார்ப்பியோ போன்ற வண்டிகளில் கதை வேறு. அங்கே குமிழைத் திருப்பினால் டிரான்ஸ்ஃபர் கேஸை மாற்றுவது ஒரு சின்ன மின்மோட்டார். பல மாதம் அசையாமல் கிடந்தால் அது ஒட்டிக்கொள்ளும். ஃபியூஸ், எர்த், பேட்டரி வோல்ட் என்று வரிசையாகப் பார்த்துவிட்டு மோட்டாருக்குப் போகலாம். முக்கியமான வித்தியாசம் இன்னொன்று. பஜேரோவின் 4H-இல் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே ஒரு டிஃபரன்ஷியல் இருப்பதால் காய்ந்த தார் ரோட்டிலும் ஓட்டலாம். மற்ற இரண்டிலும் அது கிடையாது. தி. நகர் தெருமுனையில் 4H-இல் திரும்பினால் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு தூரம் போக முடியாமல் முறுக்கிக்கொள்ளும், பிறகு 2H-க்கே வராது. பயப்பட ஒன்றுமில்லை. நேராகப் பத்தடி ரிவர்ஸ் எடுத்தால் பெரும்பாலும் விட்டுவிடும். நான்கு டயரும் ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானம் இருக்க வேண்டும் என்பதும் இதனால்தான்.

சென்னையில் பழைய வண்டி வாங்குபவர் வெள்ளத்தை மறக்க முடியாது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தபோது கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் மூழ்கிய வண்டிகள், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் நின்ற வண்டிகள் எல்லாம் சுத்தம் செய்யப்பட்டு சந்தைக்கு வந்தன. ஓடிச் சூடான அச்சு சட்டென்று தண்ணீரில் இறங்கினால், உள்ளே காற்று சுருங்கி, மூச்சுக்குழாய் வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை இழுக்கும். சீட்டு உறையை மாற்றியவர்கள் முன் அச்சின் கிரவுன் ஆயிலை, அதாவது டிஃபரன்ஷியல் ஆயிலை, மாற்றியிருப்பார்களா? விலை பேசுமுன் அதைக் கொஞ்சம் வடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பால் விட்ட டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, பேரிங்கிலும் துரு பிடித்திருக்கலாம். வடிப்பவரிடம் ஒன்று மட்டும் வற்புறுத்த வேண்டும்: மேலே ஊற்றும் போல்ட்டை முதலில் தளர்த்திவிட்டு அப்புறம் கீழ் போல்ட்டைத் தொடச் சொல்லுங்கள். வருஷக்கணக்கில் திறக்காத மேல் போல்ட் வர மறுத்தால், கீழே வடித்த ஆயிலைத் திரும்ப ஊற்ற வழியில்லாமல் விற்பவர் வீட்டு வாசலிலேயே வண்டி நின்றுவிடும்.