தாயத்துக்குள் இருப்பது என்ன?

உயிரணுவும் ஊர் நியாயமும் – 6

திருப்பனந்தாளில் ஒரு வளைகாப்பு. சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். தங்கை முறையாகும் பெண், கை நிறைய வளையலோடு வந்து ஒரு வழவழப்பான விளம்பரத்தாளை நீட்டினாள். செக்கப்புக்குப் போன இடத்தில் கொடுத்தார்களாம்.

"அண்ணே, தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்து பேங்க்ல வச்சுட்டா, பின்னாடி என்ன வியாதி வந்தாலும் பிள்ளையைக் காப்பாத்திடலாமாம். பணத்துக்குப் பார்த்து விட்டுட்டு, நாளைக்கு ஒண்ணுன்னா என்ன பண்றது?"

கூடத்திலிருந்து பெரியம்மா குரல் கொடுத்தார். "அந்தக் காலத்துலயே கொடியைக் காயவச்சு, வெள்ளித் தாயத்துல அடைச்சு அரைஞாண்ல கட்டினோம்டி. நமக்குத் தெரியாததையா சொல்லிட்டான்?"

முதலில் தாயத்து. காய்ந்த கொடியில் உயிருள்ள அணு ஒன்றுகூட மிஞ்சாது. கொடி ரத்தத்தில் இருக்கும் மூல உயிரணுவான ஸ்டெம் செல்லை ஆண்டுக்கணக்கில் காப்பாற்றத் திரவ நைட்ரஜனின் மைனஸ் 196 டிகிரிக் குளிர் வேண்டும். தாயத்து பாசத்தின் அடையாளம். அதை மருத்துவமாக்கி வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவது முன்னோருக்குப் பெருமை சேர்க்காது.

அடுத்தது விளம்பரம். தொப்புள்கொடி ரத்தத்துக்கு மதிப்பு இருப்பது உண்மை. 1988-ல் பாரிஸில், எலியன் குளுக்மேன் என்ற மருத்துவர், ஃபான்கோனி ரத்தசோகை கண்ட சிறுவனுக்கு முதன்முதலாக அதைச் செலுத்தினார். அவன் பிழைத்தான். ஆனால் அது அவனுடைய ரத்தம் அல்ல, அப்போதுதான் பிறந்த தங்கையின் ரத்தம். தலசீமியா போன்ற பரம்பரை நோய் வந்தால், சேமித்துவைத்த சொந்த அணுவிலும் அதே குறை இருக்கும். ஆகவே, தனக்கென்று பிற்காலத்துக்குச் சேமிக்க அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறை சொல்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. பிறந்தவுடன் கொடியை வெட்டாமல் ஒரு நிமிடமாவது பொறுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நேரத்தில் கொடி வழியே ரத்தம் குழந்தைக்குள் போய்ச் சேர்கிறது, உடம்பில் இரும்புச்சத்து கூடுகிறது. ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. சேமிக்கும் ரத்தம் பை நிறைய வேண்டும் என்று அவசரப்பட்டு வெட்டினால், இன்றைக்கு வேண்டியதைப் பிடுங்கி என்றைக்கோ வரலாம் என்ற நோய்க்கு வைப்பதாகிவிடும்.

ஸ்டெம் செல் என்றாலே மேலை நாடுகளில் சண்டை கருவைப் பற்றித்தான். 1998-ல் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவிலிருந்து அவ்வணுக்களைப் பிரித்து வளர்த்த நாள் முதல், கரு எப்போது மனிதனாகிறது என்று வாதாடுகிறார்கள். நம் நெறிமுறையும் 14 நாளுக்கு மேல் கருவை ஆய்வகத்தில் வளர்க்கக் கூடாது என்கிறது. அந்தக் கேள்வி பெரியதுதான். ஆனால் நம் திண்ணைக்கு வந்திருப்பது வேறு கேள்வி: ஒரு தாயின் பயத்தை விலைபேசலாமா?

இந்த ஊர்க் கோயிலுக்குத் தாடகையீச்சரம் என்று பெயர். மாலை சாத்த வந்த பக்தை தாடகைக்கு ஆடை நெகிழ, கை தூக்க முடியாமல் அவள் தவித்தாள்; அதைப் பார்த்து லிங்கமே தலை சாய்ந்தது என்பது தலபுராணம். தவிப்பைக் கண்டு இறங்குவது இந்த ஊர் நியாயம். தவிப்பைக் கண்டு ரசீது கிழிப்பது எந்த ஊர் நியாயம்?

நேர்மையான வழியும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள், ஹீமோபிலியா நோயாளிகளின் சொந்த ஸ்டெம் செல்லில் குறையில்லாத மரபணுவைச் சேர்த்துச் செலுத்தி, ஐந்து பேரின் முடிவை 2024-ல் மருத்துவ இதழில் உலகத்தின் முன் வைத்தார்கள். சென்னையில் 2009-ல் தொடங்கிய 'தாத்ரி', முன்பின் தெரியாத நோயாளிக்கு ஸ்டெம் செல் கொடுக்க முன்வருபவர்களைப் பதிவு செய்கிறது.

வாசகர்களே, ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவை நிலைபெற்ற சிகிச்சை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம் என்று வேறெதற்காவது ஸ்டெம் செல் ஊசி என்றால், அது இன்னும் ஆராய்ச்சிதான். ஆராய்ச்சிக்கு உடம்பைத் தருபவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

விளம்பரத்தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். "கொடியை உடனே வெட்ட வேணாம், கொஞ்சம் பொறுங்கன்னு டாக்டர்கிட்ட இப்பவே சொல்லி வை. அதுக்குக் காசு கிடையாதும்மா."

(தொடரும்)