கோடாலித் தைலம் மூக்கைத் திறக்கிறதா?

2025 அக்டோபர் நடுவில் ஒரு நாள் காலையில் பந்திங்கிலிருந்து சின்னம்மா போன் செய்தார். "பேரனுக்கு முந்தாநாள் ராத்திரி புடிச்ச காய்ச்சல்யா. கிளினிக்ல மூக்குல குச்சி விட்டுப் பாத்துட்டு இன்புளுயன்சா ஏ-ன்னு சொல்லிட்டாங்க. அஞ்சு நாள் எம்சி. நான் மிளகு ரசம் வெச்சுக் குடுத்து, நெஞ்சுல கோடாலித் தைலம் தேச்சு விட்டேன். மூக்கு உடனே தொறந்துடுச்சு, நல்லாத் தூங்குறான். நம்ம வைத்தியமே கேக்குதே, அப்புறம் ஊசி ஊசின்னு எதுக்குக் கத்துறாங்க?"

அந்த வாரம்தான் மலேசியா முழுக்க ஏறத்தாழ 6,000 மாணவர்களுக்கு இந்தச் சளிக்காய்ச்சல் என்று கல்வி அமைச்சு சொன்னது. சில பள்ளிகளை மூடினார்கள். முந்திய வாரம் 14 ஆக இருந்த தொற்றுத் திரள்கள் ஒரே வாரத்தில் 97 ஆயின. அவற்றில் அதிகமானவை சிலாங்கூரில். வாட்ஸ்அப்பில் கஷாயக் குறிப்புகள் கொட்டின. ஒவ்வொன்றின் அடியிலும் 'நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' என்ற வரி. எந்தச் சக்தி, எவ்வளவு கூடும், யார் அளந்தார்கள் என்று ஒரு குறிப்பும் சொல்லவில்லை.

சின்னம்மா சொன்னதில் என்னைப் பிடித்து நிறுத்தியது 'மூக்கு உடனே தொறந்துடுச்சு' என்பதுதான். ஏனென்றால் அதை ஒருவர் அளந்து பார்த்திருக்கிறார். வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் சளியையே வாழ்நாள் ஆய்வாக எடுத்துக்கொண்ட ரான் எக்கிள்ஸ், சளி பிடித்தவர்களுக்கு மென்தால் கலந்த மிட்டாய் மாத்திரை கொடுத்து, மூக்கு வழியே காற்று போவதற்கு எவ்வளவு தடை இருக்கிறது என்று கருவி வைத்துக் கணக்கெடுத்தார். 1990இல் முடிவு வெளியானது. தடை குறையவில்லை. ஆனால் மாத்திரையைச் சப்பியவர்கள் மூச்சு தாராளமாக வருகிறது என்றார்கள். அவர்கள் சொன்னதும் உண்மைதான். அப்படித்தான் அவர்களுக்கு இருந்தது.

இது எப்படி நடக்கிறது என்று படித்த நாளிலிருந்து எனக்கு இதில் ஆசை விடவில்லை.

மூக்கில் காற்றோட்டத்தை அளக்கும் மீட்டர் எதுவும் கிடையாது. உள்ளே வரும் காற்று மூக்கின் ஈரச் சவ்வைக் கொஞ்சம் குளிர வைக்கிறது. ஈரத்தை ஆவியாக்கி மேலும் குளிர வைக்கிறது. முக்கிளை நரம்பின் நுனிகள் அந்தக் குளிர்ச்சியை மூளைக்குச் சொல்கின்றன. மூளை அதையே 'காற்று வருகிறது' என்று எடுத்துக்கொள்கிறது. நரம்பு நுனியில் குளிரை உணர்வது டிஆர்பிஎம்8 என்ற புரதம். சவ்வின் வெப்பம் 26 டிகிரியை ஒட்டிக் குறையும்போது இது ஒரு சின்னக் கதவாகத் திறந்து கால்சிய அயனிகளை உள்ளே விடும், நரம்பு துடிக்கும். மென்தால் மூலக்கூறு இதே புரதத்தில் போய் ஒட்டிக்கொண்டு, குளிரே இல்லாதபோதும் கதவைத் திறக்க வைத்துவிடுகிறது. 2002இல் டேவிட் ஜூலியஸின் குழுவும் ஆர்டெம் பட்டபூட்டியனின் குழுவும் தனித்தனியே இதைக் கண்டுபிடித்தன. வெப்பத்தையும் தொடுதலையும் உடல் எப்படி அறிகிறது என்ற ஆய்வுக்காக இருவருக்கும் 2021இல் நோபல் பரிசு கிடைத்தது.

தாமான் வாசலில் காவலுக்கு ஒரு ஜாகா உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஜாகாவுக்குக் கண் தெரியாது. எத்தனை வண்டி உள்ளே போயிற்று என்பதை, வண்டி கடக்கும்போது முகத்தில் படும் காற்றை வைத்துத்தான் கணக்கெழுதுவார். சளிக்காய்ச்சல் வந்ததும் வாசலின் இரண்டு பக்கச் சுவர்களும் வீங்கி வழியை அடைத்துவிடுகின்றன. (மூக்கடைப்பு என்றால் சளி தேங்கி நிற்பதென்று நினைக்கிறோம், பெரும்பகுதி அடைப்பு, மூக்கின் உள்மடல்களில் ரத்த நாளங்கள் புடைத்துச் சதை வீங்குவதால் வருவது.) வண்டி வரவில்லை, முகத்தில் காற்றும் படவில்லை. 'வாசல் அடைத்துக் கிடக்கிறது' என்று ஜாகா அலுவலகத்துக்குப் போன் போடுகிறார். அலுவலகத்தில் பதற்றம், ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. அந்த நேரத்தில் சின்னம்மா வந்து ஜாகாவின் முகத்துக்கு நேரே ஒரு மேசை விசிறியைப் போட்டு விடுகிறார். ஜாகா கணக்குப் புத்தகத்தை எடுத்து, வண்டிகள் வரிசையாகப் போகின்றன என்று எழுதுகிறார். அலுவலகம் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கப் போகிறது. சுவர் வீங்கியபடியே இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் ஜாகாவுக்கு விசிறிக் காற்று பழகிவிடும். அப்போது மறுபடி தைலப் புட்டியைத் தேடுவோம்.

இன்னொன்றும் இதில் விளங்குகிறது. பந்திங்கில் மத்தியான வேளையில் 32 டிகிரி வெயில், காற்றில் கடலோர ஈரம் வேறு. அந்தக் காற்று மூக்குச் சவ்வை அவ்வளவாகக் குளிர வைக்காது; ஈரமும் குறைவாகவே ஆவியாகும். அடைத்த மூக்கு இன்னும் அடைத்ததாகத் தோன்றும். அதே மூக்கோடு ஏர்கோன் அறைக்குள் போனால் சற்றுத் தேவலை என்று இருக்கும். குளிர்ந்த, உலர்ந்த காற்றில் மூக்கடைப்பு குறைந்ததாக மக்கள் உணர்கிறார்கள் என்பதை அமெரிக்காவின் மோனெல் ஆய்வுக்கூடத்தில் சோதித்தே காட்டியிருக்கிறார்கள்.

இதை ஏமாற்று என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. காய்ச்சல் பிடித்த பிள்ளை மூச்சு முட்டுகிறதென்று ராத்திரி முழுக்க அழாமல் தூங்குவது சின்ன விஷயமா? ஆறுதல் ஆறுதல்தான். அதைக் குணம் என்று எடுத்துக்கொள்வதில்தான் தவறு.

மிளகு ரசத்தின் கதை வேறு. அது தட்டுவது சூட்டை உணரும் கதவை. டிஆர்பிவி1 என்ற இந்தப் புரதத்தை ஜூலியஸ் 1997இல், மிளகாயின் காரப் பொருளை வைத்துத்தான் பிடித்தார். 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் திறக்கும் கதவு இது. மிளகின் பைப்பரினும் இஞ்சியின் காரமும் இதே கதவைத் திறக்கும். வாயில் தீப்பிடித்ததாக நரம்பு சொன்னதும் உடல் தண்ணீரைத் திறந்துவிடுகிறது. எச்சில் ஊறும், கண் கலங்கும், மூக்கு ஒழுகும். ரசத்தைக் குடித்துவிட்டு மூக்கைச் சிந்துகிறோமே, அது இதுதான். இங்கே வெறும் தோற்றம் மட்டும் மாறவில்லை. கெட்டிச் சளி நீர்த்து இளகுகிறது, வறண்ட தொண்டையில் ஈரம் படிகிறது.

1978இல் அமெரிக்காவின் மயாமி நகரத்து மருத்துவர்கள் சிலர் 15 ஆரோக்கியமானவர்களின் மூக்கில் சளி எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று அளந்தார்கள். வெந்நீரை மெல்ல உறிஞ்சிக் குடித்ததும் நிமிடத்துக்கு 6.2 மில்லிமீட்டரிலிருந்து 8.4க்கு ஏறியது. சூடான கோழி சூப்புக்கு 6.9 என்பது 9.2 ஆனது. குளிர்ந்த நீர் 7.3ஐ 4.5க்கு இறக்கிவிட்டது. அரை மணி நேரத்தில் வெந்நீர், சூப் இரண்டின் பலனும் ஓய்ந்தது. அந்த ஆய்வுக்கூடத்தில் யாரும் ரசம் வைத்துக் கொடுக்கவில்லை என்பது உண்மை. ஆனால் சூடும் ஆவியும் நம் ரசத்திலும் உண்டு, கூடவே மிளகும். 2008இல் அதே எக்கிள்ஸ் 30 பேரை வைத்து ஒரே பழரசத்தைச் சூடாகவும் அறை வெப்பத்திலும் கொடுத்துப் பார்த்தார். சூடாகக் குடித்தவர்களுக்கு மூக்கொழுகல், இருமல், தும்மல் மட்டுமல்லாமல் தொண்டை வலி, குளிர் நடுக்கம், அசதியும் குறைந்தன. காற்றோட்டத்தைக் கருவியில் பார்த்தால், அங்கேயும் மாற்றமில்லை. ஆகவே மமாக் கடைத் தே ஹலியாவைச் சூடாகக் குடியுங்கள், தாராளமாக.

வரலாறும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கோடாலித் தைலம் 1928இல் சிங்கப்பூரில் லியூங் யுன் சீ தொடங்கிய கம்பெனியின் சரக்கு. அதற்குப் பத்தாண்டுக்கு முன், 1918 பெருங்காய்ச்சல் மலாயாத் தோட்டங்களில் நம் ஆட்களைக் கூட்டம் கூட்டமாகச் சாய்த்தது. அதற்குக் காரணம் ஒரு வைரஸ் என்று எவருக்கும் உறுதியாகத் தெரியாத காலம். தோட்ட ஆஸ்பத்திரி டிரெசரின் தண்ணி மருந்தும் கஷாயமும்தான் கையில் இருந்தன. அந்த அலையில் அமெரிக்காவில் விக்ஸ் களிம்பின் விற்பனை ஒரே ஆண்டில் மூன்று மடங்கானது. விற்பனைக் கணக்கு வைரஸைக் கொன்றதற்குச் சான்றாகாது.

பூந்தொட்டிக் கற்பூரவல்லிக்கும் இதே புரதக் குடும்பத்தோடு உறவுண்டு. அதிலுள்ள கார்வக்ரால் வேறொரு சூட்டுக் கதவைத் தட்டும். தேன் இருமலைச் சற்றே தணிக்கிறது என்பதற்குக் குழந்தைகளிடம் செய்த நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. ஒரு வயது நிறையாத குழந்தைக்கு மட்டும் தேன் கூடவே கூடாது, பொட்டுலிசம் என்ற நச்சு நோய் வரும். வேது பிடிப்பதைப் பற்றிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. கொதிநீர்ச் சட்டி கவிழ்ந்து வெந்துபோன குழந்தைகளோ உலகமெங்கும் மருத்துவமனைக் கணக்கில் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அது வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் அன்னாசிப்பூச் செய்தியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'சளிக்காய்ச்சலுக்கான டாமிஃப்ளூ மருந்தே அன்னாசிப்பூவிலிருந்துதான் எடுக்கிறார்கள், பிரியாணிக்குப் போடுவதைக் கொதிக்க வைத்துக் குடித்தால் போதும்' என்கிறார்கள். பாதி உண்மை. அன்னாசிப்பூவின் ஷிகிமிக் அமிலம் அந்த மருந்துக்கு மூலப்பொருள்தான். ஆனால் தொழிற்சாலையில் பல வேதிப் படிகள் கடந்தபின்பே அது மருந்தாகிறது. ரப்பர்ப் பாலைக் கால் மேல் ஊற்றிக்கொண்டால் சப்பாத்து ஆகிவிடுமா?

இனி அந்தப் புட்டியைக் கையில் எடுத்துப் பார்ப்போம். விரல் நீளம், கண்ணாடி, கோடாலிப் படம், திருகு மூடி. சின்னம்மா வீட்டில் அது தொலைக்காட்சி மேசையின் ஓரத்தில், நாலு வயதுக் குழந்தையின் கைக்கு எட்டுகிற உயரத்தில் நிற்கிறது. உள்ளே மென்தால், யூகலிப்டஸ் எண்ணெய், கற்பூரம், மீதைல் சாலிசிலேட். கடைசியாகச் சொன்னது ஆஸ்பிரினின் நெருங்கிய உறவு. கலப்பில்லாத மீதைல் சாலிசிலேட் ஒரு தேக்கரண்டி, 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். 20 மாத்திரைகளுக்கும் மேல். தைலத்தில் அது ஒரு பங்கு மட்டுமே என்றாலும், குடிக்கிற குழந்தையின் எடையை நினைத்துப் பாருங்கள். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்தத் தைலங்களையும் களிம்புகளையும் பூசவே கூடாது. மூக்கடியில் விக்ஸ் களிம்பு தடவிய 18 மாதப் பெண் குழந்தை ஒன்றுக்கு மூச்சுத் திணறல் வந்ததை அமெரிக்க மருத்துவர்கள் 2009இல் எழுதியிருக்கிறார்கள். பிறகு ஃபெரட் என்ற பிராணியின் மூச்சுக்குழாயில் சோதித்தபோது, களிம்பு சளியைக் கூட்டியதைக் கண்டார்கள். இந்த நாட்டில் பிள்ளை பிறந்ததும் ஜி6பிடி என்ற நொதிக் குறைபாட்டுக்குச் சோதனை செய்கிறார்கள். குறைபாடு உள்ள குழந்தையின் வீட்டில் பாச்சை உருண்டையும் ஆகாது, இந்தத் தைலங்களும் வேண்டாம் என்று தாதிமார் சொல்லி அனுப்புவார்கள். அதை ஏட்டில் குறித்ததோடு விட்டுவிடாதீர்கள்.

இதைவிட எனக்குப் பெரிய கவலை ஒன்று உண்டு. சிலாங்கூரில் காய்ச்சல் என்றால் சளிக்காய்ச்சலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. டிங்கியும் முதல் இரண்டு நாள் அதே உடல்வலி, அதே தலைவலியோடுதான் தொடங்கும். மூக்கொழுகல் இல்லாத காய்ச்சலைக் கஷாயத்தோடு வீட்டில் வைத்திருக்க வேண்டாம். ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அதுவரை பனாடோல் மட்டும் போதும். ஆஸ்பிரினும் இபுப்ரோஃபெனும் டிங்கியில் ரத்தக் கசிவைக் கூட்டும். சளிக்காய்ச்சல் உள்ள பிள்ளைக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரை நோய் வரக்கூடும். மூச்சு வாங்கினாலோ, பிள்ளை தண்ணீர் குடிக்க மறுத்துத் துவண்டாலோ, காய்ச்சல் விட்டு இரண்டு நாள் கழித்து மறுபடி ஏறினாலோ, ரசத்தை அடுப்பிலேயே விட்டுவிட்டு வண்டியை எடுங்கள். வைரஸைத் தடுக்கும் மாத்திரை, அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும்.

சின்னம்மாவைத் திரும்பக் கூப்பிட்டேன். பேரன் எழுந்து கஞ்சி கேட்டானாம். ரசம் வையுங்கள், தைலத்தை நெஞ்சில் மட்டும் தேய்த்துவிட்டுப் புட்டியை மேல் அலமாரியில் வையுங்கள் என்றேன். பிறகு அவர் கேட்ட ஊசிக்கு வந்தேன். அவருக்கு 67 வயது, இனிப்பு நீர் இருக்கிறது. அதே வீட்டில் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார். பிள்ளைக்கு ஐந்து நாளில் போகிற வைரஸ், நீரிழிவு உள்ள முதியவரின் நுரையீரலில் நிமோனியாவாக மாறக்கூடும். மலேசியாவில் நீரிழிவு நம் இந்தியர்களிடம்தான் மற்ற இனத்தவரைவிட அதிகம். இந்தக் கதையில் நரம்போடு பேசாமல் வைரஸுக்கு எதிராக உடலைத் தயார் செய்வது ஊசி ஒன்றுதான்.

உங்கள் வீட்டிலும் 60 வயதைக் கடந்து, நீரிழிவோ இதய நோயோ உள்ளவர் இருப்பார். அரசு கிளினிக்கில் சளிக்காய்ச்சல் ஊசி பற்றி இந்த வாரமே விசாரியுங்கள். வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுக்கு ஒரு முறை போட வேண்டும். போட்டபின் பாதுகாப்பு வர இரண்டு வாரமாகும்.