பால் டாங்கரும் இணைப்பு உயரமும்

ஐக்கிய அமெரிக்க நாட்டில் பால் உற்பத்தியாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் வெகு காலமாக வேரூன்றி நிற்கின்றன. பண்ணையிலிருந்து ஆலைக்குப் பாலைக் கொண்டுசேர்க்கும் கூலி, அங்கே பல இடங்களில் உற்பத்தியாளருக்குச் சேரவேண்டிய விலையிலிருந்தே கழிக்கப்படுகிறது. ஆகவே வழியில் வீணாகும் ஒவ்வொரு படி பாலும் அங்கத்தினரின் பணமேயாகும். அப்பாலைச் சுமக்கும் நீண்ட டாங்கர் வண்டியில், பார்வைக்கு அற்பமாகத் தோன்றும் ஓர் அளவு, பால் வடிவதையும் ஓட்டுநரின் உயிரையும் ஒருங்கே பாதிக்கிறது. அதனை இங்கே விளக்க முற்படுகிறோம்.

இவ்வண்டி இரண்டு பகுதிகளால் ஆனது. முன்னால் இருப்பது எஞ்சினுள்ள இழுவை வண்டி. பின்னால் இருப்பது முன்சக்கரமே இல்லாத டிரெய்லர். டிரெய்லரின் முன்பாகம் இழுவை வண்டியின் மேலுள்ள ஒரு கனத்த இரும்புத் தட்டின் மீது அமர்கிறது. இத்தட்டுக்கு ‘ஐந்தாவது சக்கரம்’ என்று பெயர். குதிரை வண்டிகளின் முன்னச்சுத் திரும்புவதற்காகப் பொருத்தப்பட்ட வளையத்தின் பெயரே இதற்கும் நிலைத்துவிட்டது. டிரெய்லரின் அடியிலிருந்து தொங்கும் ‘கிங் பின்’ என்னும் இரண்டு அங்குலக் கனமுள்ள முளை, இத்தட்டின் பிளவில் புகுந்து பூட்டிக்கொள்கிறது. தரையிலிருந்து தட்டின் மேற்பரப்பு வரையுள்ள அளவே இணைப்பு உயரம். சாதாரணப் பெட்டி டிரெய்லர்களுக்கு இது 47 அல்லது 48 அங்குலம் அளவில் இருப்பது வழக்கம். டாங்கர்களோ வகைக்கு வகை மாறுபடும். ஆதலின் அதனைச் செய்தவர் குறித்த அளவையே பின்பற்ற வேண்டும்.

இவ்வுயரம் மாறினால் விளைவது யாது? கிங் பின்னிலிருந்து டிரெய்லரின் பின்னச்சுகளின் நடு வரை 35 அடி, அதாவது 420 அங்குலம் என்று கொள்வோம். தட்டு இரண்டு அங்குலம் தாழ்ந்திருந்தால், 210 அங்குலத்துக்கு ஓர் அங்குலம் வீதம் டாங்கி முன்புறம் சாயும். டாங்கியின் நீளம் 40 அடியானால், இரு முனைகளுக்கும் இடையே சுமார் 2¼ அங்குல வேறுபாடு தோன்றும். பின்புறம் திறப்புள்ள டாங்கிக்கு, பால் முற்றும் வடியும்பொருட்டு மூன்று அங்குலச் சரிவு அமைத்திருந்தால், அதில் ஏறக்குறைய முக்கால் பங்கை இப்பிழையே விழுங்கிவிடும். நடுவில் திறப்புள்ள டாங்கியிலோ, முன் தாழ்ந்தாலும் பின் தாழ்ந்தாலும் ஒரு பக்கத்துப் பால் வடியத் தயங்கும். தங்கிய பால் கழுவும் நீரோடு சாக்கடைக்குப் போகும். நடைக்குப் பத்து லிட்டர் என்று வைத்து, நாளொன்றுக்கு இரண்டு நடை என்றால், ஆண்டுக்கு 7,300 லிட்டர் ஆகிறது.

அடுத்தது பாரம். 6,000 அமெரிக்க காலன், அதாவது சுமார் 22,700 லிட்டர் பால், 23,400 கிலோ எடையுள்ளது. அந்நாட்டு மாநிலங்களிடை நெடுஞ்சாலைகளில் வண்டியின் மொத்த எடை பொதுவாக 80,000 பவுண்டுக்கும், இரட்டை அச்சின் மீதுள்ள பாரம் 34,000 பவுண்டுக்கும் மேற்படலாகாது. பட்டைவில்லின் மேல் ஓடும் டிரெய்லரின் மூக்கு உயர்ந்தால், இரட்டை அச்சில் பின்னது கூடுதலாகச் சுமக்கும். தாழ்ந்தால் முன்னது சுமக்கும். டயரும் பிரேக்கும் ஒரே சீராகத் தேயமாட்டா.

அபாயமும் இல்லாமலில்லை. சுத்தம் செய்வதற்கு இடையூறாகும் என்பதால் பால் டாங்கியினுள் தடுப்புத் தகடுகள் வைப்பதில்லை. ஆகவே பிரேக் போட்டதும் பால் முழுவதும் முன்னோக்கிப் பாய்ந்து வண்டியைத் தள்ளும். டாங்கர்கள் இயல்பாகவே உயரத்தில் பாரம் உள்ளவை. வளைவில் அறிவிக்கப்பட்ட வேகத்திலேயே கவிழக்கூடியவை. இந்நிலையில் தேவைக்கு மேல் தட்டை உயர்த்துவது, பாரத்தின் மையத்தையும் உயர்த்துவதாகும்.

இனி அளக்கும் முறை. சமதளத்தில், பாரம் ஏற்றி, இரு வண்டிகளையும் இணைத்து நிறுத்துக. டிரெய்லரின் அடிச்சட்டம் தரையிலிருந்து முன்னும் பின்னும் எவ்வளவு உயரத்தில் உள்ளது என்று அளந்து, செய்தவர் குறித்த நிலையுடன் ஒப்பிடுக. வெறும் வண்டியை அளப்பது ஏமாற்றும். பட்டைவில் பாரத்தால் அமிழும். காற்றுப்பை தாங்கும் வண்டிகளில், அதன் வால்வு குறித்த உயரத்தைக் காக்கிறது. வித்தியாசம் கண்டால், அவ்வால்வின் கைப்பிடியைத் திருகித் தட்டை ஏற்றி இறக்குவது தகாது. அதனால் எஞ்சினிலிருந்து பின்னச்சுக்குச் செல்லும் தண்டின் கோணம் கெட்டு, அதிர்வும் இணைப்புகளின் தேய்வும் உண்டாகும். சட்டத்துக்கும் தட்டுக்கும் இடையேயுள்ள தாங்கியை ஏற்ற உயரத்தில் மாற்றுவதே முறை. சட்டம் 40 அங்குலம், வேண்டிய உயரம் 47½ அங்குலம் என்றால், தட்டும் தாங்கியும் சேர்ந்து 7½ அங்குலம் இருக்க வேண்டும். டயர் மாற்றும்போதும் எச்சரிக்கை தேவை. இழுவை வண்டியில் 24½ அங்குல வளையத்தின் உயர்ந்த டயருக்குப் பதிலாக 22½ அங்குல வளையத்தின் தாழ்ந்த டயரை மாட்டினால், தட்டு சுமார் ஒன்றரை அங்குலம் இறங்கிவிடக்கூடும்.

இணைக்கும்போது டிரெய்லர் தட்டைவிடச் சற்றே தாழ்ந்து நின்று, இழுவை வண்டி பின்வாங்குகையில் சிறிது தூக்கப்பட வேண்டும். மிகத் தாழ்ந்தால் டிரெய்லரின் மூக்கு அடிபடும். மிக உயர்ந்தால் முளை சரியாகப் பூட்டாது. பூட்டியபின் இரு தட்டுகளுக்கும் இடையே வெளிச்சம் தெரியலாகாது. தெரிந்தால் வண்டியை எடுக்கவே கூடாது. டிரெய்லர் வழியில் கழன்றுவிடக்கூடும்.

தமிழ்நாட்டிலும் கூட்டுறவுப் பால் ஒன்றியங்கள் டாங்கர் லாரிகளில் பாலை அனுப்புகின்றன. லாரியின் அமைப்பு வேறாயினும், சாய்வின் கணக்கு எங்கும் ஒன்றே. தங்கள் சங்கத்துப் பால் இறங்கும் தளம் சமமாக உள்ளதா, இறக்கியபின் டாங்கியில் பால் தேங்குகிறதா என்று நிர்வாகிகள் ஒருமுறை நேரில் நின்று பார்ப்பார்களாக. ஓர் அளவுகோலும் அரை மணி நேரமும் இதற்குப் போதும்.