தாயின் மனமும் சேயின் உடலும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து அரியலூர் செல்லும் பாதையிலுள்ள கீழப்பழுவூர், திருஞானசம்பந்தரால் பாடப்பெற்ற ஸ்தலம். தந்தையின் ஆணைக்குக் கட்டுப்பட்டுத் தாயைக் கொன்ற பரசுராமர், அந்தப் பாவம் நீங்க இங்கே சிவபெருமானை வழிபட்டார் என்று ஸ்தல புராணம் கூறுகிறது. மழுவெடுத்தவருக்குப் பிராயச்சித்தம் கிடைத்தது. பாராமுகத்தாலும் கடுஞ்சொல்லாலும் பெற்றவளை நாள்தோறும் வாட்டி, அவள் மடியிலுள்ள சிசுவும் மெலியக் காரணமாகிறவர்களுக்கு என்ன பிராயச்சித்தம்?

இவ்வூரை அடுத்த வாரணவாசியின் அங்கன்வாடியில்தான், 2024-ஆம் வருஷம் நவம்பர் 15-ஆம் தேதி, ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ என்னும் திட்டத்தின் இரண்டாவது கட்டத்தைத் தமிழ்நாட்டு சர்க்கார் தொடங்கியது. பிறந்து ஆறு மாதம் நிறையாத, எடை குறைந்த குழந்தைகளின் தாய்மாருக்குச் சத்துமாவு, நெய், பேரீச்சம்பழம், இரும்புச்சத்து மருந்து முதலியவை அடங்கிய பெட்டகம் வழங்கப்பட்டது. ஆறு மாதம் வரை தாய்ப்பாலே சிசுவுக்கு ஆகாரம். ஆகையால் சேயைப் போஷிக்கத் தாயைப் போஷிக்க வேண்டும் என்பதே இதன் தத்துவம். இதை மனமார வரவேற்கிறோம்.

ஆனால் பெட்டகம் வீட்டுக்கு வந்துவிட்டது. அதைத் திறக்கவும் மனமில்லாமல் ஒரு தாய் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது? பிரசவத்துக்குப் பின் பல பெண்களைப் பீடிக்கும் மனச்சோர்வு இத்தகையது. பசி இராது, தூக்கம் வராது, காரணமின்றிக் கண்ணீர் பெருகும். குழந்தை அழுதால் எடுக்கக் கை எழாது. பால் கொடுப்பது தவறும். தடுப்பூசி நாள் தவறும். பேதி கண்டால் ஆஸ்பத்திரிக்குப் போவதும் தாமதமாகும். இதை வியாதியென்று அறியாத சுற்றத்தார், ‘சோம்பேறி’ என்பார்கள். ‘காற்றுக் கருப்பு’ என்பார்கள். ‘பிள்ளை வளர்க்கத் தெரியாதவள்’ என்று முத்திரை குத்துவார்கள். நோயாளிக்குக் கிடைப்பது மருந்தல்ல, வசை.

இது வெறும் ஊகமன்று. வேலூர் ஜில்லா கணியம்பாடி வட்டாரத்தில், மெலிந்த குழந்தைகள் 72 பேரையும், நன்கு வளர்ந்த குழந்தைகள் 72 பேரையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த வைத்தியர்கள் 2004-இல் முடிவுகளை வெளியிட்டனர். மெலிந்த குழந்தைகளின் தாய்மாரிடையே மனச்சோர்வு மிகுதியாகக் காணப்பட்டது. அதற்கு இரண்டு வருஷங்களுக்கு முன் வெளியான கோவா ஆராய்ச்சியில், பிரசவித்து ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் 100 தாய்மாரில் 23 பேர் மனச்சோர்வுற்றிருந்தனர். வறுமையும், கணவனோடு ஒற்றுமையின்மையும், பெண் குழந்தை பிறந்ததும் முக்கிய காரணங்களாக விளங்கின. பெண் பிறந்தது தாயின் குற்றமா? அவளை நோயில் தள்ளுவது குழந்தையன்று. குழந்தையைக் கண்டு முகம் சுளிக்கும் வீடு!

இதற்குப் பரிகாரம் உண்டா? உண்டு. பாகிஸ்தானில் ராவல்பிண்டியைச் சார்ந்த கிராமங்களில், சாதாரணப் பள்ளிப் படிப்புள்ள சுகாதார ஊழியப் பெண்களுக்குச் சிறிது பயிற்சி கொடுத்து, கர்ப்பத்தின் கடைசி மாதம் முதல் வீடு தேடிச் சென்று தாய்மாரோடு பேசச் செய்தார்கள். 2008-இல் வெளியான முடிவின்படி, குழந்தைக்கு ஆறு மாதமாகும்போது, இவ்வுதவி பெற்றவர்களில் 100-க்கு 23 பேரிடமே மனச்சோர்வு நீடித்தது. பெறாதவர்களில் 53 பேரிடம் நீடித்தது. குழந்தைகளுக்குப் பேதி குறைந்தது, தடுப்பூசி அதிகரித்தது. ஆயினும் குழந்தைகளின் எடையும் உயரமும் குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை என்பதையும் மறைக்கலாகாது. ஆறுதல் வார்த்தை மட்டும் வயிற்றை நிரப்பாது. பெட்டகம் மட்டும் மனத்தைத் தேற்றாது. இரண்டும் சேர்ந்தே செல்ல வேண்டும் என்பதுதான் இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

நம்மிடம் ஆள் பலத்துக்குக் குறைவில்லை. ஊர்தோறும் அங்கன்வாடியும், கிராம சுகாதாரச் செவிலியரும் உண்டு. குழந்தையை நிறுக்கும் அதே நாளில் தாயிடம் இரண்டே கேள்விகள் கேட்கட்டும்: “இந்த இரண்டு வாரமாக மனம் சோர்ந்து நம்பிக்கையற்று இருக்கிறதா அம்மா? எந்தக் காரியத்திலும் விருப்பமில்லாமல் இருக்கிறதா?” ஆம் என்பவளுக்கு மேலும் விசாரணையும் வைத்திய உதவியும் கிடைக்க வழி செய்யட்டும். 14416 என்ற எண்ணில் தொலைபேசி மூலம் இலவசமாக மனநல ஆலோசனை கிடைப்பதை அங்கன்வாடிச் சுவர்தோறும் எழுதட்டும். ஏற்கெனவே வேலைச் சுமையால் தவிக்கும் ஊழியர்களுக்குப் பயிற்சியும் அவகாசமும் தருவது சர்க்காரின் கடமை.

சர்க்காரின் கடமை அதுவாயின், நம் கடமை என்ன? மேடையில் பெண்மையைப் போற்றிவிட்டு, வீட்டில் பிள்ளை பெற்றவளிடம் ஒரு நல்ல வார்த்தை பேசாதவன் எந்தப் பொதுத் தொண்டைச் செய்து என்ன பயன்? குடித்துவிட்டு வருபவனைத் தட்டிக் கேட்பதும், இரவில் அழும் குழந்தையைச் சற்று நேரம் தோளில் போட்டுக்கொண்டு மனைவியை உறங்கவிடுவதும், அவள் உண்டாளா என்று கேட்பதும் தேசத் தொண்டுதான். கூட்டத்துக்குப் புறப்படும் அன்பர்கள், முதலில் தம் வீட்டு அடுப்பங்கரையை எட்டிப் பார்த்துவிட்டுப் புறப்படுவார்களாக!