கடைமடைக்கு எட்டும் காவல்

இளம்பிள்ளை வாதம் என்னும் போலியோ நம் நாட்டை விட்டு நீங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இயற்கையான போலியோ வைரஸினால் கடைசியாக ஒரு குழந்தை பாதிக்கப்பட்டது மேற்கு வங்காளத்து ஹௌரா மாவட்டத்தில், 2011-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் தேதி. 2014 மார்ச் 27-ஆம் தேதி, நம் நாட்டை உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பகுதி அந்நோயினின்றும் விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கிற்று. ஆயினும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்றும் குழந்தையின் வாயில் சொட்டு மருந்து விடுகிறார்கள். அதே நோய்க்குக் கையில் ஊசியும் போடுகிறார்கள். சங்கக் கூட்டங்களில் அங்கத்தினர் சிலர் கேட்பதுண்டு: “இல்லாத நோய்க்கு மருந்து எதற்கு? கொடுப்பதானாலும் ஒன்று போதாதா? சொட்டும் வேண்டும், ஊசியும் வேண்டும் என்பது ஏன்?”

கேள்வி நியாயமானதே. அதற்குரிய விடை நம் உடலின் உட்புறத்தே பரந்து கிடக்கும் ஒரு மெல்லிய ஈரப்படலத்தில் இருக்கிறது. அதனை அறிந்துகொண்டால், குழந்தைகளின் நலத்துக்கு நாம் செய்யவேண்டிய வேறு சில காரியங்களும் தாமே விளங்கும்.

இரண்டாவது எல்லை

நம் உடலுக்கு எல்லைகள் இரண்டு. ஒன்று தோல். மற்றொன்று வாய் முதல் ஆசனவாய் வரையிலும், மூக்கு முதல் நுரையீரல் வரையிலும், இமைகளின் உட்புறத்திலும், சிறுநீர் வழியிலும், பிறப்புறுப்புகளின் வழியிலும் போர்த்தியிருக்கும் சளிப்படலம். வளர்ந்த ஒருவரின் தோலைப் பரப்பினால் ஏறத்தாழ இரண்டு சதுர மீட்டர் வரும். உணவுப் பாதையின் உட்பரப்போ, சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் 2014-ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, சுமார் 32 சதுர மீட்டர். திருபுவனத்துப் பட்டுப் புடவைகள் ஐந்தை அருகருகே விரித்தால் எவ்வளவு இடம் கொள்ளுமோ, ஏறக்குறைய அவ்வளவு நம் வயிற்றுக்குள் மடிந்து கிடக்கிறது.

தோல் பல அடுக்குகள் கொண்டது, தடித்தது. குடலின் உட்படலத்தில் உள்ளதோ ஒரே ஓர் அடுக்கு உயிரணுக்கள். உண்ட சோற்றின் சத்து இரத்தத்தில் சேர வேண்டுமானால் சுவர் மெல்லியதாக இருந்தே ஆகவேண்டும். ஆனால் சத்து நுழையும் வழியில் கிருமியும் நுழையப் பார்க்கும். ஆகவே சுவரைத் தடிக்க வைக்காமல் காவலைப் பலப்படுத்தும் முறையை உடல் கைக்கொண்டிருக்கிறது.

முதற் காவல் சளியே. நாம் அருவருக்கும் இப்பொருள் கிருமிகளைச் சிக்கவைத்து வெளியே தள்ளுகிறது. தறியடியிலும் நூல் சுற்றுமிடத்திலும் பறக்கும் பஞ்சுத் தூசியையும், களத்தில் நெல் தூற்றுகையில் எழும் பதரையும் பெருமளவுக்கு மூக்கிலேயே தடுத்து நிறுத்துவது இதுதான். படலத்தின் உயிரணுக்களும் நாலைந்து நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதியனவாக மாறுகின்றன.

இரண்டாவது காவல் இன்னும் நுட்பமானது. இரத்தத்தில் கிருமிகளை எதிர்க்கும் புரதங்கள் உண்டு. அவற்றை எதிர்ப்பொருள்கள் என்பர். அவற்றுள் ‘ஐ.ஜி.ஏ.’ என்னும் வகை, படலத்தினூடே கசிந்து வெளிப்பரப்புக்கே வந்து நிற்கும் தன்மையுடையது. நாள்தோறும் சில கிராம் அளவில் நம் உடல் இதனைக் குடலுக்குள் சுரக்கிறது. இது கிருமியோடு ஆரவாரமாகப் போர் புரிவதில்லை. கிருமிகளைப் பற்றி, ஒன்றோடொன்று பிணைத்து, படலத்தில் ஒட்டவொட்டாமல் செய்துவிடுகிறது; பின்னர் அவை மலத்தோடு கழிந்துபோகின்றன. குடலில் ஓயாத போர் நடக்குமானால் மெல்லிய சுவரே புண்ணாகிவிடும் அன்றோ? சோறும் பருப்பும் அந்நியப் பொருள்களே. குடலில் வாழும் கோடானு கோடி நுண்ணுயிர்களும் அந்நியமானவையே. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டு, தீங்கு செய்வதை மட்டும் விலக்கும் பக்குவம் இந்தக் காவலுக்கு உண்டு.

பாடம் கற்கும் இடம்

இக்காவலர்க்குப் பயிற்சி எங்கே நடக்கிறது? சிறுகுடலின் சுவரில் ஆங்காங்கே சிறு திட்டுகள் உள்ளன. 1677-ஆம் ஆண்டில் இவற்றை விவரித்த பேயர் என்ற சுவிஸ் நாட்டு மருத்துவரின் பெயரால் அவை பேயர் திட்டுகள் எனப்படும். குடலில் வருவதையெல்லாம் சிறிது சிறிதாக உள்ளே எடுத்துப் பரிசோதிக்கும் சாவடிகள் அவை. அங்கே ஒரு கிருமியை அடையாளம் கண்டுகொண்ட வெள்ளணுக்கள் நிணநீர் வழியாக இரத்தத்தை அடைந்து, உடலைச் சுற்றி, மீண்டும் குடலின் படலத்துக்கே திரும்பி அங்கு ‘ஐ.ஜி.ஏ.’யைச் சுரக்கத் தொடங்குகின்றன. அதாவது, எந்த வழியாகப் பகைவன் வந்தானோ, அந்த வழியிலேயே காவல் அமைகிறது. கையில் போடும் ஊசி மருந்து இரத்தத்தில் எதிர்ப்பை உண்டாக்குவதில் வல்லது. குடற்படலத்துக்கு அந்தப் பாடம் பெரும்பாலும் சென்று சேர்வதில்லை.

இதற்குக் காலராவே நல்ல எடுத்துக்காட்டு. 1893-இல் இந்தியாவுக்கு வந்த ஹாஃப்கின் என்பவர் காலராவுக்குத் தடுப்பூசியைப் பரப்பினார். பிற்காலத்தில் திருவிழாக் கூட்டங்களில் அத்தகைய ஊசியைப் போட்டுக்கொண்ட நினைவு நம் முதியோர் பலருக்கு இருக்கும். அதன் பலன் அரைகுறையானது; சில மாதங்களே நின்றது. காலராக் கிருமி இரத்தத்தில் புகுந்து கேடு செய்வதில்லை என்பதே காரணம். குடலுக்குள் இருந்துகொண்டு ஒரு நஞ்சைச் சுரந்தே அது ஆளைக் கொல்கிறது என்பதைக் கல்கத்தாவில் டாக்டர் சம்புநாத் டே 1959-இல் மெய்ப்பித்தார். வெளிநாட்டுப் பயணிகளிடம் காலரா ஊசிச் சான்று கேட்கும் விதியை 1973-இல் உலக சுகாதாரப் பேரவை கைவிட்டது. பின்னர் அதே கல்கத்தாவில் 2006-இல் தொடங்கிய சோதனையில், வாய்வழி கொடுத்த மருந்து ஐந்தாண்டுக் காலத்தில் நோயை நூற்றுக்கு 65 விழுக்காடு குறைத்தது.

வேலூர் தந்த அறிவு

இனிப் போலியோவுக்கு வருவோம். போலியோ வைரஸ் வாய்வழி புகுந்து, தொண்டையிலும் குடலிலும் பெருகி, மலத்தில் வெளியேறி, அசுத்தமான நீராலும் கைகளாலும் அடுத்த குழந்தையைச் சென்றடைவது. தொற்றுக்கு ஆளாகும் குழந்தைகளில் ஏறத்தாழ இருநூறில் ஒன்றுக்கே கை கால் விளங்காமற் போகிறது. மற்றக் குழந்தைகள் நோயின் அறிகுறி தெரியாமலே வைரஸைப் பரப்பிவிடுகின்றன.

1955-இல் சால்க் கண்ட ஊசி மருந்து அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது. 1960-களின் தொடக்கத்தில் சேபின் கண்ட சொட்டு மருந்து வந்தது. ஊசி, வைரஸ் நரம்பை எட்டாதபடி இரத்தத்தில் தடுக்கிறது. சொட்டு மருந்து குடலிலேயே தடுக்கிறது. இந்த வேற்றுமை ஏட்டளவில் நிற்பதன்று. இஸ்ரேல் நாட்டில் 2005 முதல் ஊசி மருந்தை மட்டுமே கொடுத்துவந்தார்கள். 2013-இல் அங்கே சாக்கடை நீரில் போலியோ வைரஸ் காணப்பட்டது. ஒரு குழந்தைக்கும் வாதம் வரவில்லை; ஆயினும் வைரஸ் குழந்தைகளின் குடல்வழியே ஊரூராகச் சுற்றிக்கொண்டிருந்தது. மீண்டும் சொட்டு மருந்து கொடுத்த பிறகே அது ஓய்ந்தது.

அப்படியானால் சொட்டு மருந்து ஒன்றே போதுமே எனலாம். அங்கேதான் நம் தமிழகத்தின் அனுபவம் உதவுகிறது. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் டி. ஜேக்கப் ஜான், மேல்நாடுகளில் மூன்று தவணையில் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் பலித்த அதே மருந்து, இங்கே கணிசமான குழந்தைகளுக்குப் பலிக்கவில்லை என்பதைக் கண்டு 1972-இல் வெளியிட்டார். மருந்து பழுதன்று. நம் குழந்தைகளின் குடலில் வேறு பல வைரஸ்கள் குடிகொண்டிருப்பதும், அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கும், அசுத்தத்தால் நாளடைவில் நலிவுறும் படலமும் அதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. எனவே தவணைகளைப் பெருக்கவேண்டும், ஒரே நாளில் ஊர்க் குழந்தைகள் அனைவர்க்கும் சேர்த்துக் கொடுக்கவேண்டும் என்ற முறை வேலூரில் கையாளப்பட்டு, நோய் அடங்கிய செய்தி 1983-இல் வெளியாயிற்று. 1995-இல் நாடெங்கும் அம்முறை வந்தது. அதன் பலனையே 2014-இல் நாம் கண்டோம்.

இன்னும் ஒன்றை வேலூர் காட்டிற்று. முன்பே சொட்டு மருந்து பெற்றிருந்த, ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ஓர் ஊசி போட்டுப் பார்த்தார்கள். பின்னர் சோதனையாகச் சொட்டு மருந்து விட்டபோது, ஊசி பெற்ற குழந்தைகளின் மலத்தில் வைரஸ் வெளியேறுவது மற்றக் குழந்தைகளைவிடக் குறைந்திருந்தது. இந்த முடிவு 2014-இல் வெளிவந்தது. குடல் அறியாத நோய்க்கு ஊசி குடலில் காவல் வைப்பது அரிது. குடல் முன்பே அறிந்த நோய்க்கோ, ஊசி அங்குள்ள காவலையும் தட்டி எழுப்புகிறது.

காவிரிப் படுகையில் உள்ள நமக்கு இது எளிதில் விளங்கும். மேட்டூரில் மதகு திறந்து ஆற்றில் நீர் நிரம்பினாலும், வாய்க்கால் வெட்டாத கடைமடை வயல் காய்ந்தே கிடக்கும். வாய்க்கால் ஒருமுறை வெட்டியிருந்தால், ஆற்றில் வரும் நீர் அவ்வயலுக்கும் எட்டும். சொட்டு மருந்து வாய்க்கால் வெட்டுகிறது. ஊசி ஆற்றை நிரப்புகிறது. இரண்டும் வேண்டியிருப்பது இதனாலேயே.

சொட்டு மருந்தில் உள்ளது வலுவிழந்ததாயினும் உயிருள்ள வைரஸ். தடுப்பு மருந்து பெறாத குழந்தைகள் மிகுந்த இடத்தில் அது பரவிப் பரவி, மிக அரிதாக, மீண்டும் வலுப்பெறுவதுண்டு. இதனை மறைக்கவேண்டியதில்லை. இதன் பொருட்டே 2016 ஏப்ரலில் இரண்டாம் வகை வைரஸ் சொட்டு மருந்தினின்று நீக்கப்பட்டது; அதற்குச் சற்று முன்பே ஊசியும் தேசிய அட்டவணையில் சேர்க்கப்பட்டது. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் இயற்கை வைரஸ் இன்னும் முற்றாக ஒழியவில்லை. நோய் இல்லை என்று நாம் காவலை எடுத்துவிட்டால், அது திரும்பி வர ஒரு பயணியே போதும்.

நாம் செய்யத்தக்கவை

பிறந்த குழந்தையின் குடலில் இந்தக் காவல் ஏறக்குறைய இல்லை எனலாம். அக்குறையைத் தாய்ப்பால் நிரப்புகிறது. தாயின் குடலில் பயிற்சி பெற்ற வெள்ளணுக்கள் அவளது மார்பிலும் வந்து தங்கி, பாலில் ‘ஐ.ஜி.ஏ.’யைச் சேர்க்கின்றன. தாய் எந்த ஊர் நீரைக் குடித்து, எந்தக் கிருமிகளைச் சந்தித்தாளோ, அவற்றுக்கே உரிய மருந்து அப்பாலில் இருக்கிறது. முதலில் சுரக்கும் சீம்பாலில் அது மிகுதி. அதனைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, சர்க்கரைத் தண்ணீரைச் சேனையாகத் தொட்டு வைக்கும் வழக்கம் சில குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. மூத்தோர் அன்போடு செய்யும் காரியமே. ஆயினும் அதனால் குழந்தை தனக்குரிய முதல் காவலை இழக்கிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தருவதும், ஆறு மாதம் வரை அதை மட்டுமே தருவதும் நன்று.

அடுத்தது, சொட்டு மருந்தையும் ஊசியையும் தவணை தவறாமல் பெறுவது. பிறந்தவுடனும், 6, 10, 14 வாரங்களிலும், ஒன்றரை வயதை ஒட்டியும் போலியோ சொட்டு. 6, 14 வாரங்களிலும் ஒன்பதாம் மாதத்திலும் ஊசி. ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்குக்கான சொட்டு மருந்தும் 2017 முதல் நம் மாநிலத்தில் வழங்கப்படுகிறது. நம் நாட்டிலேயே உருவான அத்தகைய மருந்து ஒன்றைத் தில்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் சுமார் 6,800 குழந்தைகளிடம் சோதித்ததில், கடுமையான நோய் பாதிக்குமேல் குறைந்தது. வளமிக்க நாடுகளில் இவ்வகை மருந்துகள் தரும் பலன் இதைவிட அதிகம்.

எஞ்சிய பகுதியை மருந்தால் நிரப்ப இயலாது. கழிப்பிடமும், காய்ச்சிய அல்லது குளோரின் கலந்த நீரும், சோப்பிட்டுக் கழுவிய கையுமே அதை நிரப்பவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாய்க்காலும் சாக்கடையும் ஒன்றாகிவிடும் நம் ஊர்களில் இது மிகவும் அவசியம். ஒரு வீடு மட்டும் சுத்தமாயிருந்து பயனில்லை. ஒரு குழந்தைக்கு மட்டும் மருந்து கொடுத்தும் பயனில்லை. மேல்மடைக்காரர் செய்வது கடைமடைக்காரரைச் சேரும் என்பதை நாம் நன்கு அறிவோம். ஆகவே சங்கங்கள் தோறும் தடுப்பு மருந்து நாட்களை அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம். கூலிக்கோ பாவுக்கோ வரும் தாய்மாரிடம், கைக்குழந்தையின் தவணை அட்டையைப் பார்த்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கலாம். தவணை விட்டுப்போயிருந்தால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் அனுப்பினால், அவர் வேண்டியதைச் செய்வார்.